சட்டையில் லோகோ ஏறும் முன்: உடை பிராண்டு ஸ்பான்சர் தேடுபவர்களுக்கு

சிறிய விளையாட்டு உடை நிறுவனம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஸ்பான்சர் கேட்டு வரும் ஈமெயில்களைப் படித்து, யாருக்குப் பதில் போடலாம் என்று பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. பெரும்பாலான கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். “நான் நன்றாக ஓடுவேன் (அல்லது ஆடுவேன், பாடுவேன்), எனக்கு இத்தனை ஃபாலோயர்ஸ், உங்கள் பிராண்டு என்றால் எனக்கு உயிர், ஸ்பான்சர் செய்யுங்கள்.” உயிர் என்று எழுதியவர் சில சமயம் முந்தைய கடிதத்திலிருந்த வேறு கம்பெனியின் பெயரை மாற்ற மறந்திருப்பார். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் இப்படித்தான்.

அந்தக் குவியலில் ஒரு நாள் பாறையேறும் இளைஞர் ஒருவரின் கடிதம் வந்தது. மூன்று படங்கள் இணைத்திருந்தார். முதல் படத்தில் அவர் சொந்தக் காசில் வாங்கிய எங்கள் பேண்ட், புதிதாக. இரண்டாவதில் அதே பேண்ட் ஏழு மாதம் கழித்து. வலது முழங்காலில் தையல் பிரிந்து, அவரே கையால் தைத்திருந்தார். மூன்றாவதில், பாக்கெட் ஜிப் இடுப்புப் பட்டையில் போய் மாட்டிக்கொள்ளும் இடத்தை விரலால் காட்டியிருந்தார். கீழே நான்கு வரி: இன்னின்ன இடங்களில் ஏறுகிறேன், என்னோடு வாரம் இத்தனை பேர் ஏறுகிறார்கள், ஜிப்பை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும், அடுத்த மாதிரி தைத்தால் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். எங்கள் டிசைனர் அந்தக் கடிதத்தை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டார். அடுத்த வாரமே இரண்டு பேண்ட் அனுப்பினோம். அடுத்த வருடம் அவர் எங்கள் அணியில் இருந்தார். அவர் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டு வகைக் கடிதங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான்.

கம்பெனி எதை வாங்குகிறது

ஸ்பான்சர்ஷிப்பைப் பரிசு என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். திறமைக்குப் பரிசு கொடுப்பது போட்டி நடத்துபவரின் வேலை. உடை பிராண்டு உங்களிடம் ஏதோ ஒன்றை வாங்குகிறது: நல்ல படம், நீங்கள் பழகும் வட்டத்தின் நம்பிக்கை, துணியைப் பற்றிய நேர்மையான கருத்து, சில நேரம் கேமரா முன்னால் கிடைக்கும் சில விநாடிகள்.

1970 கால்பந்து உலகக் கோப்பையில் ஆட்டம் தொடங்கும் முன் பெலே குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கேமரா அவர் காலுக்குப் போனது, காலில் பூமா. லேஸ் தானாக அவிழவில்லை, பேசி வைத்து நடந்தது அது. பூமா காசு கொடுத்தது அந்தச் சில விநாடிகளுக்கு.

கலைஞர்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் ரன் டிஎம்சி. அந்த ராப் குழுவினர் லேஸ் இல்லாத அடிடாஸ் ஷூவை முதலில் தங்கள் விருப்பத்தில்தான் போட்டார்கள், அதைப் பற்றிப் பாடவும் செய்தார்கள். 1986இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரிக்கு அடிடாஸ் நிர்வாகி ஒருவர் வந்திருந்தார். மேடையிலிருந்து கேட்டதும் கூட்டம் தன் ஷூக்களைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியது. அதன் பிறகுதான் ஒப்பந்தம். போட்டது முதலில், கையெழுத்து பிறகு. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

உங்களிடம் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கிடையாது, சரி. ஆனால் நடன வகுப்பில் உங்களைப் பார்த்து அதே டிராக் பேண்டை வாங்கிய ஆறு பேர் இருக்கலாம். அதை எழுத வேண்டியதுதான்.

எந்தப் படியில் நிற்கிறீர்கள்

“ஸ்பான்சர்” என்ற ஒரே சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டால் எதுவும் வராது.

கீழ்ப்படி, தள்ளுபடி. உங்கள் பெயரில் ஒரு தள்ளுபடிக் குறியீடு தருவார்கள். அதை வைத்து யாராவது வாங்கினால் உங்களுக்குச் சின்னக் கமிஷன். இதை நான் ஸ்பான்சர் என்று சொல்ல மாட்டேன், விற்பனை வேலை என்பேன். செய்யக் கூடாது என்றில்லை, பெயரை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலவச உடை. ஸ்கேட்போர்டு உலகத்தில் இதை ஃப்ளோ என்பார்கள்: சம்பளம் கிடையாது, அவ்வப்போது ஒரு பார்சல் வரும். அங்கே ஃப்ளோவிலிருந்து அமெச்சூர் அணி, அதிலிருந்து புரோ என்று ஏறுவது வழக்கம். இசை, சினிமாப் பக்கத்தில் இதற்கு இணையானது இரவல். ஸ்டைலிஸ்ட் ஒருவர் பிராண்டின் விளம்பர அலுவலகத்திலிருந்து மாதிரி உடையை எடுத்துவந்து, நிகழ்ச்சி முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். கறைபட்டால் காசு கட்ட வேண்டியிருக்கும். மாதிரி உடைகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும் என்பதால், உங்கள் உடல் அளவுகளை முன்கூட்டியே எழுதி அனுப்புவது அவர்களுக்குப் பெரிய உதவி.

அதற்கு மேல் செலவுப் பணம்: பயணம், நுழைவுக் கட்டணம், வீடியோ எடுக்கும் செலவு. அதோடு சாதனைக்கேற்ற போனஸும் சேரலாம். சர்ஃபிங், ஸ்னோபோர்டு போன்றவற்றில் பத்திரிகையில் லோகோ தெரியும்படி படம் வந்தால் அதற்குத் தனிக் காசு என்ற ஏற்பாடு வெகுநாளாக உண்டு. கடைசிப் படிதான் மாதச் சம்பளம், சொந்தப் பெயரில் ஷூ, டிவி விளம்பரம் எல்லாம்.

புதிதாக வருபவர் இரண்டாம் படியில் கேட்பது நல்லது. நேராக மூன்றாம் படியைக் கேட்டு வந்த கடிதங்களை நாங்கள் கோபமாக ஒதுக்கவில்லை. பட்ஜெட் உள்ளவரிடம் அனுப்பினோம், அவர் படிக்கவில்லை. இலவச உடைக்கு மேலதிகாரியின் கையெழுத்து தேவையில்லை. சின்ன அதிகாரியே கிடங்கிலிருந்து எடுத்து அனுப்பிவிடலாம். கதவு அங்கேதான் லேசாகத் திறந்திருக்கிறது.

ஓவியர்களும் வரைகலைஞர்களும் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். உங்கள் ஓவியத்தைப் பிராண்டு டீசர்ட்டில் அச்சிட்டு விற்கப்போகிறது என்றால் அது ஸ்பான்சர்ஷிப்பே கிடையாது. உங்கள் படைப்பைப் பயன்படுத்தும் உரிமையை விற்கிறீர்கள். அதற்குத் தனி ஒப்பந்தம், தனித் தொகை அல்லது விற்கும் ஒவ்வொரு துணிக்கும் ராயல்டி. “உங்களை ஸ்பான்சர் செய்கிறோம், பத்து டீசர்ட் தருகிறோம், படத்தைக் கொடுங்கள்” என்று யாராவது கேட்டால் புன்னகையோடு எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்கும் முன் உங்கள் கையைப் பாருங்கள்

கேட்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

அணியில் ஆடுபவருக்கு அணியின் ஜெர்சி ஒப்பந்தம் இருக்கும். ஆட்டத்தில் நீங்கள் எதைப் போட வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பயிற்சி, பயணம், சொந்த வீடியோ, ஷூ ஆகியவைதான் உங்கள் கையில் மிஞ்சுபவை. ஒலிம்பிக்கில் 40ஆவது விதி, போட்டிக் காலத்தில் வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், முழுக்க எடுக்கவில்லை. உடையில் தயாரிப்பாளர் லோகோவின் அளவுக்கும் அங்கே தனி வரம்பு உண்டு. அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் 2021 ஜூலை 1க்கு முன் ஸ்பான்சர் காசு வாங்கியிருந்தால் ஆடும் தகுதியையே இழந்திருப்பார்கள். அன்றிலிருந்துதான் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி. மாணவராக இருந்தால் உங்கள் கல்வி நிறுவனத்தின் விதியையும் சங்கத்தின் விதியையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். பாடகருக்கு இதே கேள்வி இசை நிறுவன ஒப்பந்தத்தில் இருக்கும்: விளம்பர வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா?

18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தில்லாமல் ஒரு அடி நகர வேண்டாம்.

யாருக்கு எழுதுவது

உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே எதைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள்? பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும். உலகமே அறிந்த பெயர்களை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டு, உங்கள் துறைக்கென்றே தைக்கும் சின்ன நிறுவனங்களைச் சேருங்கள். பத்துப் பெயர் போதும். ஒவ்வொன்றும் இப்போது யாரையெல்லாம் ஆதரிக்கிறது என்று பாருங்கள். உங்களைப் போலவே ஒருவர் ஏற்கெனவே இருந்தால் உங்களுக்கு இடமில்லை. உங்கள் துறையிலேயே யாரும் இல்லையென்றால் அதற்கும் காரணம் இருக்கும். ஒன்றுக்கொன்று ஒட்டிய துறையில் ஆள் இருந்து, உங்களுடையதில் இல்லாத இடம்தான் தேட வேண்டியது.

பொதுவான “தொடர்புக்கு” முகவரி வாடிக்கையாளர் புகார்களுக்கானது. அங்கே போன கடிதம் திரும்புவதில்லை. விளையாட்டு என்றால் அணி மேலாளர் அல்லது விளையாட்டு மார்க்கெட்டிங் ஆள், கலை என்றால் கலைஞர் தொடர்பு அல்லது பிராண்டு மார்க்கெட்டிங் ஆள். இன்னொரு வழி, அந்த பிராண்டை உங்கள் பகுதியில் விற்கும் விநியோகஸ்தர். அவரிடம் தனியாக ஒரு விளம்பரத் தொகை இருக்கக்கூடும், தலைமை அலுவலகத்தைவிட அவருக்கு உங்களைத் தெரிந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

காலமும் முக்கியம். உடை நிறுவனங்கள் ஒரு சீசனுக்கான துணியை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கும் மேல் முன்னதாகவே திட்டமிடுகின்றன. அடுத்த மாதப் போட்டிக்கு இந்த மாதம் கேட்பது தாமதம். நிதியாண்டு தொடங்க நாலைந்து மாதம் இருக்கும்போது எழுதினால், பட்ஜெட் போடுகிறவர் மனதில் உங்கள் பெயர் இருக்கும்.

படமும் ஒற்றைத் தாளும்

ஆறு நல்ல படம், ஒரு நிமிட வீடியோ. இதற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். வீடியோவின் முதல் பத்து விநாடியில் உங்கள் சிறந்த காட்சி வந்துவிட வேண்டும்; பெயர் சுழன்று வரும் அனிமேஷனை அறுத்துப் போடுங்கள்.

படம் எடுக்கும்போது நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: துணி தெரியட்டும். கச்சேரிப் படங்களில் முகமும் மைக்கும் மட்டும் இருக்கும், கீழே இருட்டு. ஓட்டப் படங்களில் மார்பில் போட்டி எண் லோகோவை மூடியிருக்கும். முழு உருவம், பக்கவாட்டு வெளிச்சம், துணி அசையும் தருணம். உடை விற்பவருக்கு மடிப்புத் தெரிய வேண்டும். போட்டி பிராண்டின் லோகோ பெரிதாகத் தெரியும் படத்தை அனுப்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்திருக்கிறது.

ஒற்றைத் தாளில் உங்கள் பெயர், துறை, இதுவரை செய்தது, வரும் 12 மாதத்தின் நிகழ்ச்சி அல்லது போட்டித் தேதிகள், உங்களைப் பார்ப்பவர்கள் யார். ஃபாலோயர் எண்ணிக்கையைவிட அவர்கள் எந்த வயது, எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர் உண்மையில் பதில் எழுதுகிறார்கள் என்பதே கேட்கப்படும். காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர்களை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்: பதிவுக்குக் கீழே நெருப்பு எமோஜி மட்டும் போட்டிருப்பார்கள், ஒருவர்கூடக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

கடிதம்

எட்டு வரிக்கு மேல் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

“வணக்கம். நான் சமகால நடனம் ஆடுகிறேன், வாரம் நான்கு நாள் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் சாம்பல் நிற அகலக் கால் பேண்டை ஒன்றரை வருடமாகப் பயிற்சியில் போடுகிறேன். தரையில் உருளும்போது இடுப்பு நழுவாத ஒரே பேண்ட் அதுதான். வகுப்பில் இருப்பவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்பதால் உங்களுக்கு எழுதத் தோன்றியது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மேடைகள் இருக்கின்றன, தேதிகள் இணைப்பில். அந்தக் காலத்துக்கு மூன்று செட் பயிற்சி உடை தந்தால், மாதம் இரண்டு சிறு வீடியோ, நீங்களும் பயன்படுத்தக்கூடிய பத்துப் படங்கள், துணி எப்படித் தாங்குகிறது என்ற குறிப்பு தருகிறேன். ஒரு நிமிட வீடியோ இணைத்திருக்கிறேன். பேச விருப்பமிருந்தால் எந்த நாளும் அழைக்கலாம்.”

இதில் புகழ்ச்சி ஒரே வரி, அதுவும் துணியைப் பற்றியது. கேட்பதும் கொடுப்பதும் எண்ணிக்கையில் இருக்கின்றன. பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள்; அப்போது புதிதாக ஒன்று சொல்லுங்கள், ஒரு மேடை கூடியது, ஒரு போட்டி முடிந்தது என்று. அதற்கும் பதில் இல்லையா, ஆறு மாதம் விட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு எச்சரிக்கை. கேட்காமலே “உங்களைத் தூதராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அனுப்பும் செலவை மட்டும் கட்டுங்கள்” என்று வரும் செய்திக்குப் பெயர் வியாபாரம். நிஜ ஸ்பான்சர் உங்களிடம் காசு வாங்குவதில்லை.

ஒப்பந்தம் வந்தால்

இங்கே நிதானமாக உட்காருங்கள். இலவச டீசர்ட்டுக்குக்கூட இப்போது இரண்டு பக்கம் அனுப்புகிறார்கள். ஒரு வக்கீலிடம் காட்டுவதற்கு ஆகும் செலவு, பின்னால் வரும் தலைவலிக்கு முன் ஒன்றுமில்லை. நீங்களே பார்க்க வேண்டியவை சில:

எந்தப் பொருள் வரை உங்களைக் கட்டுகிறார்கள்? 2018இல் ரோஜர் ஃபெடரர் நைக்கியை விட்டு யூனிக்ளோவுக்குப் போனார். யூனிக்ளோ டென்னிஸ் ஷூ செய்வதில்லை. அதனால் ஒப்பந்தம் உடைக்கு மட்டும், ஷூ அவர் இஷ்டம். உங்கள் தாளில் “உடை மற்றும் அணிகலன்கள்” என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் தொப்பி, பை, ஷூ எல்லாம் அதற்குள் போய்விடும். செய்யும் பொருளுக்கு மட்டும் கட்டுங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

சின்னமும் பெயரும் யாருடையவை? அதே ஃபெடரரின் ஆர்எஃப் சின்னம் நைக்கியிடமே தங்கிவிட்டது, 2020இல்தான் அவரிடம் வந்தது. கூடைப்பந்து வீரர் கவாய் லெனார்டு தன் கையை வரைந்து உருவாக்கிய சின்னத்துக்காக 2019இல் நைக்கி மேல் வழக்குப் போட்டார். மறுவருடம் நீதிமன்றம் நைக்கி பக்கம் தீர்ப்பளித்தது. பெரிய ஏஜென்டுகள் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. ஒப்பந்தத்துக்கு முன்பே நீங்கள் வைத்திருந்த கையெழுத்து, லோகோ, மேடைப் பெயர் எல்லாம் உங்களுடையவையே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகும் பிடி இருக்கிறதா? வேறு பிராண்டு தரும் தொகையைத் தாங்களும் தந்து உங்களைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை சில ஒப்பந்தங்களில் இருக்கும். நைக்கியோடு ஒப்பந்தம் முடிந்திருந்த 800 மீட்டர் ஓட்டக்காரர் போரிஸ் பெரியனுக்கு 2016இல் நியூ பேலன்ஸ் அழைப்பு வந்தது. அதற்கு ஈடாகத் தாங்களும் தருவதாகச் சொன்ன நைக்கி அவர் மேல் வழக்குத் தொடர்ந்தது. ஒலிம்பிக் தகுதிப் போட்டி நெருங்கும் நேரம். பிறகு நைக்கியே வழக்கைத் திரும்பப் பெற்றது. சண்டையின் மையத்தில் இருந்தது குறைப்பு ஷரத்து: இத்தனை ஓட்டத்தில் கலந்துகொள்ளாவிட்டால், தரவரிசை இறங்கினால், தொகையைக் குறைக்கலாம் என்பது. தொகையை மட்டும் பார்த்து மகிழாமல், எப்போதெல்லாம் குறையும் என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

காயமும் கர்ப்பமும். ஓட்டக்காரர் அலிசன் ஃபீலிக்ஸ், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில் நைக்கி 70 சதவீதம் குறைத்துத் தர முன்வந்ததாகவும், பிரசவத்தையொட்டிய மாதங்களில் தன்னைத் தண்டிக்காது என்று எழுதித் தர மறுத்ததாகவும் 2019 மே மாதம் வெளிப்படையாக எழுதினார். அவருக்கு முன்னும் சிலர் பேசியிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் நைக்கி, கர்ப்ப காலத்தையொட்டி 18 மாதம் தொகை குறையாது என்று கொள்கையை மாற்றியது. ஃபீலிக்ஸ் அதற்குள் அத்லீட்டா என்ற பெண்கள் உடை பிராண்டுக்குப் போய்விட்டார். உங்கள் தாளில் இது பற்றி எதுவும் இல்லையென்றால், மௌனம் உங்களுக்குச் சாதகம் என்று எண்ண வேண்டாம், கேட்டு எழுதி வாங்குங்கள்.

படங்களை எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள்? “என்றென்றும், எல்லா ஊடகங்களிலும்” என்றிருந்தால், ஒப்பந்தம் முடிந்து நீங்கள் வேறு பிராண்டில் இருக்கும்போதும் உங்கள் முகம் அவர்கள் சுவரில் தொங்கும். ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் தனித் தொகை என்று பேசுங்கள். நடத்தை ஷரத்து இருக்கும். “நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம்” என்பதை யார் தீர்மானிப்பது என்று மட்டும் கேளுங்கள். வரி விஷயம் சுருக்கமாக: பல நாடுகளில் இலவசப் பொருளும் வருமானக் கணக்கில் வரும், ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். நான் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன். திருத்தம் கேட்டு வந்தவர்களை மதித்தோம். படிக்காமல் ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களிடம்தான் பிறகு தகராறு வந்தது.

பார்சல் வந்த பிறகு

பிரித்தவுடன் அளவு சரியா பாருங்கள், தவறென்றால் அன்றே சொல்லுங்கள். புதுத் துணியை மடிப்புக் கலையாமல் படுக்கையில் விரித்துப் படம் போடுவதை விட்டுவிடுங்கள். ஒரு வாரம் போட்டு வியர்வையில் நனைத்த பிறகு எடுங்கள். பதிவில், இது பிராண்டு தந்தது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டல்படி காசு வாங்காமல் பொருள் மட்டும் பெற்றாலும் சொல்ல வேண்டும். வேறு பல நாடுகளிலும் இதே மாதிரி விதிகள் உண்டு. ஹேஷ்டேக் குவியலின் கடைசியில் ஒளித்து வைப்பது சொன்னதாகாது.

அப்புறம், மாதம் ஒருமுறை அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். என்ன செய்தேன், எத்தனை பேர் பார்த்தார்கள், துணி எங்கே கிழிந்தது. யாரும் கேட்காமலே அனுப்புபவர் அணியில் ஓரிருவர்தான் இருப்பார்கள். எங்கள் பாறையேறி அப்படி அனுப்பியவற்றை டிசைனர் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது பேச உட்கார்ந்தார்கள். அந்தக் கோப்பை மேசையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் மேலாளர் பேச்சைத் தொடங்கினார், ஜிப் இரண்டு விரற்கடை தள்ளியிருந்த புதுப் பேண்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டு.